தொழில் வழிகாட்டல் முதலாம் வருடத்திலேயே தேவை

க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்திப் பல்கலைக்கழகத்தினுள் காலடி வைக்கும் மாணவரிடம், படித்து முடித்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று வினவினால் பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கின்றது. இது மாணவரின் குற்றமன்று. எமது நாட்டில் பலரது கற்கைநெறியைத் தீர்மானிப்பது அவர்களது விருப்பமல்ல. இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடுமே ஆகும். சட்டத்துறையை விரும்பியவர் கலைப்பீடத்திலும், மருத்துவத்தை விரும்பியவர் விவசாய பீடத்திலும் வந்து சேர்கின்றனர். நாடி வராத துறையில் தமது எதிர்காலம் எங்கே இருக்கின்றது என்பதை அவர்களுக்கு எடுத்துக்கூற எவரேனும் இருத்தல் வேண்டும்.

அரச பல்கலைக்கழகங்களில் தொழில் வழிகாட்டல் பிரிவுகள் இயங்கி வருகின்றன. எனினும் மாணவர் பலர் அவற்றை நாடுவது இறுதி வருடத்திலேயாகும். சுயவிபரக் கோவை தயாரிக்கவும் நேர்முகப் பரீட்சைக்குத் தயாராகவும் அப்போது உதவி கிடைக்கலாம். ஆனால் முக்கியமான முடிவுகள் அதற்கு வெகுமுன்னரே எடுக்கப்பட்டு விடுகின்றன. கலைப்பீடங்களில் பொதுவாக நான்கு வருடச் சிறப்புப் பட்டத்திற்கான தெரிவு ஆரம்பகாலப் பரீட்சைப் பெறுபேறுகளிலேயே தங்கியுள்ளது. முதலாம் வருடம் பழகிக்கொள்வதற்கான வருடமே என்று எண்ணியிருந்த மாணவர், பெறுபேறு வெளியான பின்னரே தமது இழப்பை உணர்கின்றார்.

பட்டம் பெற்றால் அரசாங்கம் நியமனம் வழங்கும் என்ற நம்பிக்கை எம்மவரிடம் ஆழ வேரூன்றியுள்ளது. 2005, 2020 ஆகிய ஆண்டுகளில் பெருந்தொகையான பட்டதாரிகள் அரச சேவையில் உள்வாங்கப்பட்டமை அந்நம்பிக்கைக்கு உரமூட்டியது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியோ, அரச திறைசேரியை மாத்திரம் நம்பியிருக்க முடியாது என்ற பாடத்தைக் கற்பித்துள்ளது.

ஆரம்பத்திலேயே கிடைக்கும் ஆலோசனை என்ன செய்யும்? புவியியலைப் பயிலும் மாணவி, புவியியல் தகவல் முறைமையையும் சேர்த்துக் கற்றால் ஆசிரியப் பணியோடு நகரத் திட்டமிடல், அனர்த்த முகாமைத்துவம் ஆகிய துறைகளிலும் வாய்ப்புத் தேடலாம். வர்த்தக மாணவர், பட்டப் படிப்புடனேயே கணக்கியல் தொழில்சார் பரீட்சைகளுக்குத் தோற்றத் தொடங்கலாம். இலங்கை நிர்வாக சேவை போன்ற திறந்த போட்டிப் பரீட்சைகளுக்கு வயதெல்லை உண்டு என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பவர் காலத்தை வீணாக்கமாட்டார். தமிழ்மொழி மூலம் கற்ற எமது பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் சிங்களமும் இன்றியமையாதவை. அவற்றை இறுதி ஆறு மாதங்களில் கற்றுவிட முடியாது; முதலாம், இரண்டாம் வருடங்களே அதற்குரிய காலமாகும்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. வீட்டுக்கு அருகில் ஆசிரிய நியமனம் கிடைத்தால் போதும் என்று, குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பல முன்கூட்டியே வரையறுத்து விடுகின்றன. ஆசிரியப் பணி மேன்மையானது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் அது பிள்ளையின் தெரிவாக இருக்க வேண்டுமேயன்றி, வேறு வழி தெரியாமையின் விளைவாக இருத்தலாகாது.

புதிய மாணவருக்கான அறிமுக நிகழ்ச்சிகளிலேயே தொழில் வழிகாட்டலையும் உள்ளடக்குவதற்குப் பல்கலைக்கழக நிர்வாகங்கள் முன்வர வேண்டும். பல்வேறு துறைகளில் பணியாற்றும் பழைய மாணவர்களை அழைத்துப் பேசவைப்பதற்குப் பெரும் செலவு ஏற்படப் போவதில்லை. மாணவரும் தம்மைத் தேடி ஆலோசனை வரும்வரை காத்திராது, முதலாம் வருடத்திலேயே அப்பிரிவின் கதவைத் தட்ட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.