வேளாண்மையில் பரப்புச் செயலிகள்

பரப்புச் செயலி அல்லது சர்பாக்டன்ட் என்பது, நீரில் சிறிதளவு கலந்தாலும் அந்நீரின் பரப்பு இழுவிசையைப் பெரிதும் குறைக்கும் வேதிப்பொருள் ஆகும். வீட்டில் பயன்படும் சவர்க்காரமும் (சோப்பு) சலவைத் தூளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. வேளாண்மையில் இவை பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, இலைவழி உரம் ஆகியவற்றின் தெளிப்புக் கரைசல்களிலும், நீரை ஏற்க மறுக்கும் மண்ணைத் திருத்துவதிலும் பயன்படுத்தப்படுகின்றன. தமிழ்நாட்டு விவசாயிகள் இவற்றை "ஒட்டும் திரவம்" என்று அழைக்கின்றனர். இப்பெயர் முழுவதும் பொருத்தமானது அன்று. தெளித்த மருந்தை இலையில் பரவச் செய்வது ஒரு பணி. மழையில் கழுவப்படாமல் ஒட்டியிருக்கச் செய்வது வேறொரு பணி. கடையில் கிடைக்கும் பல திரவங்கள் முதற்பணியை மட்டுமே நன்கு செய்கின்றன.

செயற்படும் விதம்

பரப்புச் செயலியின் மூலக்கூறு இரு பகுதிகளைக் கொண்டது. ஒரு முனை நீர்நாட்டம் உடையது, மற்றொரு முனை நீர்வெறுப்பு உடைய நீண்ட கரிமத் தொடர். நீரில் இடப்பட்டதும் இம்மூலக்கூறுகள் பரப்பை நோக்கிச் சென்று, நீர்வெறுப்பு முனை வெளியே நீட்டியிருக்கும்படி அடுக்காக அமைகின்றன. இதனால் நீர் மூலக்கூறுகளுக்கு இடையே பரப்பில் நிலவும் ஈர்ப்பு தளர்கிறது. 20 பாகை செல்சியசில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன் ஆகும். வழக்கமான பரப்புச் செயலிகள் இதனை ஏறத்தாழ 30 அளவிற்கும், சிலிக்கான் அடிப்படையிலான டிரைசிலாக்சேன் வகைச் செயலிகள் 20 முதல் 22 வரைக்கும் இறக்கிவிடுகின்றன.

சேர்க்கும் அளவைக் கூட்டிக்கொண்டே சென்றால் பரப்பு இழுவிசை தொடர்ந்து குறைந்துகொண்டே இருப்பதில்லை. பரப்பு முழுவதும் மூலக்கூறுகளால் நிரம்பியபின், எஞ்சியவை நீருக்குள்ளேயே மைசெல் எனப்படும் நுண்திரள்களாகச் சேர்ந்துகொள்கின்றன. அந்த வரம்பைக் கடந்து சேர்க்கப்படும் திரவத்தால் பரப்பு இழுவிசையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படுவதில்லை.

மூலக்கூறின் மின்னூட்டத்தைப் பொறுத்து இவை எதிரயனி, நேரயனி, அயனியற்ற, ஈரியல்பு என நான்கு வகைப்படும். தெளிப்புக் கரைசல்களில் அயனியற்ற வகையே பெரிதும் விரும்பப்படுகிறது. சாதாரண சவர்க்காரம் எதிரயனி வகை. அது கடின நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகளுடன் சேர்ந்து திரிந்த வீழ்படிவாகிவிடும். துணி துவைக்கும்போது நுரை வராத கிணற்று நீரில் சவர்க்காரக் கரைசலைக் கலந்து தெளித்தால் இலையிலும் பயன் குறைவாகவே இருக்கும். தெளிப்பான் முனையும் அடைத்துக்கொள்ளும்.

இலைப்பரப்பில்

பயிர்களின் இலைகள் மெழுகுப் படலத்தால் மூடப்பட்டவை. நெல், கோசு, வெங்காயம், சேம்பு போன்றவற்றில் இம்மெழுகு நுண்ணிய மேடு பள்ளங்களுடன் அமைந்துள்ளதால் நீர்த்துளி இலையைத் தொடாமலே உருண்டோடுகிறது. "தாமரை இலைத் தண்ணீர்" என்று தமிழில் நெடுங்காலமாக வழங்கும் உவமையின் அறிவியல் விளக்கம் இதுவே. 1997இல் செருமானிய தாவரவியலாளர்கள் பார்த்லாட், நைன்யூசு ஆகியோர் இதனை விரிவாக ஆராய்ந்து "தாமரை விளைவு" எனப் பெயரிட்டனர்.

துளிக்கும் இலைக்கும் இடையே அமையும் தொடுகோணம் 90 பாகைக்கு மேல் இருந்தால் துளி உருண்டையாக நிற்கும். குறையக் குறையத் தட்டையாகப் பரவும். நெல் இலையில் வெறும் நீரின் தொடுகோணம் 150 பாகை அளவிற்கு இருக்கக்கூடும். எனவே வெறும் நீரில் கலந்து தெளிக்கப்பட்ட மருந்தில் கணிசமான பங்கு இலையில் மோதித் துள்ளித் தரையில் விழுகிறது. பணம் வீணாவது ஒருபுறம் இருக்க, பூச்சிக்கு எனத் தெளித்தது மண்ணிற்கும் வாய்க்காலுக்கும் போய்ச் சேர்கிறது. பரப்புச் செயலி சேர்த்த துளி இலையில் தங்கிப் பரவுவதால் குறைந்த மருந்தே போதுமானதாகிறது. இப்பொருட்களுக்கு ஆதரவாகக் கூறப்படும் வாதங்களுள் வலுவானது இதுவே.

ஆனால் அளவு மிகுந்தால் விளைவு தலைகீழாகும். மிகையாகப் பரவிய நீர் இலை நுனிவழியே வழிந்தோடிவிடும்; மெழுகுப் படலம் கரைந்து இலை கருகும். டிரைசிலாக்சேன் வகைக் கரைசல்கள் இலைத்துளைகள் வழியாகவே உட்புகும் ஆற்றல் கொண்டவை. 1980களில் நியூசிலாந்தில் கோர்சு என்னும் முட்புதர்க் களையை அழிக்க இவை களைக்கொல்லியுடன் சேர்க்கப்பட்டன. இதே பண்பினால் மரபணு ஆய்வகங்களிலும் இவற்றுக்கு இடம் கிடைத்தது. 1998இல் கிளஃப், பென்ட் ஆகியோர் வெளியிட்ட முறையில், அராபிடாப்சிசு செடியின் பூங்கொத்து நுண்ணுயிரிக் கரைசலில் தோய்க்கப்படுகிறது. அக்கரைசலில் சேரும் டிரைசிலாக்சேனின் அளவு 0.05 விழுக்காடு மட்டுமே. இவ்வகைச் செயலிகள் கார அமிலக் குறியீடு 6 முதல் 8 வரை உள்ள நீரில்தான் நிலைத்திருக்கும் என்பதால் கலந்த கரைசலை நாட்கணக்கில் வைத்திருத்தல் கூடாது.

உரங்களும் மருந்துகளும்

நீரில் ஊற்றியதும் பால்போல் வெண்மையாகும் மருந்துகள், அதாவது புட்டியில் "இசி" எனக் குறிக்கப்பட்டவை, பரப்புச் செயலியை ஏற்கெனவே தம்முள் கொண்டவை. எண்ணெயில் கரைந்த மருந்தை நீரில் நுண்துளிகளாக நிறுத்தி வைப்பது அதுவே. நனையும் தூள் வகை மருந்துகளிலும் இது உண்டு. இவற்றுடன் மேலும் ஒட்டும் திரவம் சேர்க்கும்முன் மருந்தின் உறையில் உள்ள குறிப்பைப் பார்ப்பது நல்லது.

வேப்ப எண்ணெய் நீருடன் கலக்காததால் சவர்க்காரம் இன்றி அதனைத் தெளிக்க இயலாது. ஐந்து விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாறு தயாரிக்க, 5 கிலோ பருப்பை இடித்து ஓர் இரவு நீரில் ஊறவைத்து வடிகட்டி 100 லிட்டராக்கி, காதி சோப்புக் கரைசல் சேர்ப்பது தமிழ்நாட்டில் பரவலாக உள்ள வழக்கம். சோப்பை நேரே போடாமல் தனியே கரைத்துக் கடைசியில் ஊற்ற வேண்டும்; இல்லையேல் கட்டிகள் தெளிப்பானை அடைக்கும். பூந்திக்கொட்டை, சீயக்காய் ஆகியவற்றில் உள்ள சப்போனின்களும் இயற்கையான பரப்புச் செயலிகளே.

உளுந்து, பாசிப்பயறு போன்ற பயறு வகைகளுக்குப் பூக்கும் தருணத்திலும் 15 நாட்கள் கழித்தும் இரண்டு விழுக்காடு டிஏபி கரைசல் தெளிக்கப்படுகிறது. உரத்தை முதல்நாள் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து, அதனுடன் ஒட்டும் திரவம் சேர்ப்பர். இங்குப் பயிருக்கு ஊட்டம் தருவது உரமே. திரவம் அதனை இலையில் நிறுத்தும் ஊர்தி மட்டுமே. இவ்வேறுபாடு விளம்பரங்களில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

மூட்டையில் உள்ள குருணை உரத்திலும் பரப்புச் செயலி இருக்கலாம் என்பது பலர் அறியாதது. அம்மோனியம் நைட்ரேட்டு, கலப்பு உரங்கள் ஆகியவை ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகாமல் இருக்க, கொழுப்பு அமீன் என்ற நேரயனி வகைச் செயலி எண்ணெயுடன் சேர்த்து மெல்லிய பூச்சாகப் பூசப்படுகிறது.

நீர் ஏற்காத மண்

சில மண்வகைகளில் மழைநீர் உட்புகாமல் முத்துமுத்தாக மேலே நிற்கும். மட்கும் தாவரங்களிலிருந்தும் பூஞ்சை இழைகளிலிருந்தும் வரும் மெழுகுப் பொருட்கள் மணல் துகள்களின்மேல் படிவதே இதற்குக் காரணம். மணலின் மொத்தப் பரப்பு களிமண்ணை விட மிகக் குறைவு என்பதால் சிறிதளவு மெழுகே மணலை மூடிவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை விளையும் மணற்பாங்கான நிலங்களில் இது பெரும் சிக்கலாகும். அங்கு விதை ஓரிடத்தில் முளைக்கும், அடுத்த சாணில் உலர்ந்தே கிடக்கும். கலிபோர்னியாவின் புதர்க்காடுகளில் தீ பரவும்போது மெழுகு ஆவியாகி மண்ணுக்குள் சற்றுக் கீழே படிந்து நீர்புகா அடுக்கை உண்டாக்குகிறது. அடுத்து வரும் மழையில் மலைச்சரிவு மண் அரித்துச் செல்லப்படுகிறது. இத்தகைய மண் குறித்த முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு 1968இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் நடைபெற்றது.

இதனைக் கண்டறியும் சோதனை எளியது. உலர்ந்த மண்ணின்மேல் ஒரு துளி நீரை இட்டு நேரம் பார்க்க வேண்டும். ஐந்து நொடிகளுக்குமேல் துளி நின்றால் அம்மண் நீர்விலக்கும் தன்மையுடையதாகக் கொள்ளப்படுகிறது. அத்தகைய மண்ணில் பரப்புச் செயலி தொடுகோணத்தைக் குறைத்து நீரை உள்ளே விடுகிறது. ஆஸ்திரேலியாவில் விதைக்கும்போதே சால் வரிசையில் மட்டும் இதனைத் தெளிக்கின்றனர். குழிப்பந்தாட்டத் திடல்களின் புல்தரையில் தோன்றும் வறண்ட திட்டுகளுக்கும் இதுவே மருந்து. எனினும் நுண்ணுயிர்கள் இதனைச் சிதைத்துவிடுவதால் பயன் நிலையானது அன்று. களிமண்ணைக் கொண்டுவந்து மணலுடன் கலப்பது செலவு மிக்கதாயினும் நீடித்த தீர்வாகும்.

நீரை இயல்பாகவே ஏற்கும் மண்ணில் நிலைமை வேறு. மண்துளைகளில் நீரை இழுத்துப் பிடித்திருக்கும் நுண்புழை விசை, பரப்பு இழுவிசையைச் சார்ந்தது. அதனைக் குறைத்தால் நீரைப் பிடித்து நிற்கும் திறனும் குறையும். பெலிசெக், ஆசுபர்ன், லெட்டே ஆகியோர் 1962இல் வெளியிட்ட ஆய்வு முதலாகவே, நனைக்கும் பொருட்கள் நீர்விலக்கும் மண்ணில்தான் உதவும் என்பது தெரிந்த ஒன்று. எல்லா மண்ணையும் வளமாக்கும் திரவம் என்று விற்கப்படுவதை இவ்வளவில்தான் மதிப்பிட வேண்டும். இசுரேலில் சலவைக் கழிவுநீரைப் பாசனத்திற்குப் பயன்படுத்துவது குறித்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்றில், மண்ணில் சேர்ந்த பரப்புச் செயலிகளால் நுண்புழை ஏற்றம் குறைந்து, மண் நீர்விலக்கும் தன்மை பெறக்கூடும் என்று காணப்பட்டது. நோய்க்குத் தரும் மருந்தே நோயாவது இங்குக் காணத்தக்கது.

நச்சுத்தன்மை

பரப்புச் செயலிகள் நீண்டகாலம் "செயலற்ற சேர்மானம்" என்றே கருதப்பட்டன. கிளைபோசேட் களைக்கொல்லி 1974இல் சந்தைக்கு வந்தபோது அதனுடன் பாலி ஆக்சி எத்திலீன் அமீன் என்ற செயலி சேர்க்கப்பட்டது. 1979இல் ஃபோல்மர் குழுவினர் நடத்திய சோதனைகளில், மீன்களுக்குக் கிளைபோசேட்டை விட இச்செயலியே மிகுந்த நஞ்சாக இருந்தது. மீனின் செவுள்களும் தவளைக் குஞ்சுகளான தலைப்பிரட்டைகளின் செவுள்களும் இதனால் எளிதில் பாதிப்படைகின்றன. இலையின் மெழுகைத் தளர்த்தும் பொருள் உயிரணுச் சவ்வையும் தளர்த்தும் என்பதில் வியப்பில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் கிளைபோசேட் மருந்துகளில் இச்செயலியைத் தடை செய்தது.

நோனைல்பீனால் எத்தாக்சிலேட்டு மற்றொரு சான்று. இது சிதைந்து உண்டாகும் நோனைல்பீனால் ஈத்திரோசன் இயக்குநீர் போல் செயற்படுவது 1991இல் அறியப்பட்டது. ஐரோப்பாவில் 2003ஆம் ஆண்டின் ஆணை ஒன்று 2005 முதல் இதன் பயன்பாட்டை வெகுவாகக் கட்டுப்படுத்தியது. தேனீக்களும் விலக்கல்ல. டிரைசிலாக்சேன் உண்ட தேனீக்களிடம் மணத்தைக் கற்கும் திறன் குறைவதை 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். மணத்தைக் கொண்டு பூவைத் தேடும் உயிரினத்திற்கு இது சிறு குறை அன்று. பூக்கும் காலத்தில், அதிலும் தேனீக்கள் வந்து செல்லும் காலை வேளையில், தெளிப்பதைத் தவிர்ப்பது விரும்பத்தக்கது.

உயிரியப் பரப்புச் செயலிகள்

சில நுண்ணுயிர்களும் இப்பொருட்களை உருவாக்குகின்றன. பேசில்லசு சப்டிலிசு உண்டாக்கும் சர்பாக்டின் 1968இல் சப்பானில் பிரித்தெடுக்கப்பட்டது. சூடோமோனாசு உண்டாக்கும் ரம்னோலிப்பிடு, பைட்டோப்தோரா போன்ற அழுகல் நோய்க்கிருமிகளின் நீந்தும் வித்துகளை நொடிகளில் வெடிக்கச் செய்கிறது. இவ்வித்துகளுக்குச் செல்சுவர் இல்லாமையே இதற்குக் காரணம். சுவர் உடைய பூஞ்சை இழைகளின்மேல் அதே விளைவு கிட்டுவதில்லை. ஆகவே நோய் பரவும் பாதையை அடைக்க இது உதவுமே அன்றி, முற்றிய அழுகலைப் போக்காது. இவை பொதுவாக எளிதில் மட்குபவை என்றாலும், உற்பத்திச் செலவு மிகுதி என்பதால் வயல்வெளிகளில் இன்னும் பரவலாகவில்லை.