நாங்குநேரியில் 95 டிகிரி

கேமிங் லேப்டாப் வாங்கும் பையன்கள் முதல் வாரத்திலேயே ஒரு மென்பொருளை இறக்கிக்கொள்கிறார்கள். பிராசஸரின் சூட்டைத் திரையின் ஓரத்தில் அது காட்டிக்கொண்டே இருக்கும். விளையாட்டு தொடங்கிய இரண்டு நிமிடத்தில் 80, ஐந்து நிமிடத்தில் 90, அப்புறம் 95. லட்ச ரூபாய் போட்டு வாங்கிய பொருள் தண்ணீர் கொதிக்கும் சூட்டை நெருங்கினால் யாருக்கு விளையாட மனம் வரும்? மறுநாள் காலை நாங்குநேரியில் பஸ் ஏறி, திருநெல்வேலியில் ஏதாவது ஒரு சர்வீஸ் கடை வாசலில் நிற்பார்கள்.

"அண்ணாச்சி, வாங்கி பத்து நாளுகூட ஆகல. இப்பவே 95 காட்டுது."

"அது அப்படித்தான் காட்டும்டே. நீ எங்க வச்சு விளையாடுத?"

"மாடி ரூம்ல."

"அப்ப மாடியைத்தான் சர்வீஸ் பண்ணணும்."

கேலிப் பேச்சுதான். ஆனால் அண்ணாச்சியின் கணக்கு சரி.

வீட்டு மோட்டார் தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறது. வாங்கிய மின்சாரத்தில் ஒரு பங்காவது தொட்டியில் நிற்கிறது. கணிப்பொறியில் அப்படி எதுவும் மிஞ்சுவதில்லை. உள்ளே போகும் 150 வாட்டும், எதிரியைச் சுட்டாலும் சரி, கார் ஓட்டினாலும் சரி, வெப்பமாக அறைக்குள்தான் வந்து சேரும். அந்த வெப்பம் கிளம்பும் இடமோ மிகச் சிறியது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் வருகிறது. லேப்டாப் பிராசஸரின் சிலிக்கான் சில்லு சுமார் இரண்டு சதுர சென்டிமீட்டர்தான். விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது அதிலிருந்து 80 வாட் கிளம்பினால் சதுர சென்டிமீட்டருக்கு 40 வாட். இஸ்திரிப் பெட்டியைப் போல எட்டு மடங்கு. பக்கத்திலேயே கிராபிக்ஸ் சில்லு வேறு.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது அதற்குக் கொடுக்கும் வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரே பரப்பில் எத்தனை டிரான்சிஸ்டரை அடைத்தாலும் சூடு கூடாது என்று ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்டும் அவர் கூட்டாளிகளும் 1974இல் காட்டினார்கள். கணிப்பொறித் தொழிலுக்கு முப்பது ஆண்டுகள் சோறு போட்டது அந்த விதி. 2005ஐ ஒட்டி அது ஓய்ந்தது. வோல்டேஜை அதற்கு மேலும் குறைக்கப் போனால், அணைத்து வைத்த டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் கசிய ஆரம்பித்தது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் கொண்டுவரப் போவதாகச் சொல்லியிருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. அன்று முதல் வேகத்தை விற்கிறவர்கள் கூடவே சூட்டையும் சேர்த்துத்தான் விற்கிறார்கள்.

ஆகவே 95 என்பது தெரிந்தே விட்டுவைத்த எண். இன்டெல்லின் லேப்டாப் பிராசஸர்கள் பலவற்றுக்கு எல்லை 100 அல்லது 105 டிகிரி; ஏஎம்டியிலும் ஏறத்தாழ அதே அளவுதான். எல்லையைத் தொட்டதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எரிந்துபோகாது. ஆனால் நாம் காசு கொடுத்த வேகம் கைக்கு வராது. புது லேப்டாப்காரர் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

சூட்டை அழிக்க வழியில்லை, இடம் மாற்றத்தான் முடியும். இதற்கு உதாரணம் தேடி நாங்குநேரிக்காரர்கள் தூரம் போக வேண்டாம். தெற்கே பணகுடிப் பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. அங்கே சோதிக்கப்படும் சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினுக்குள் எரியும் தீயின் சூடு ஏறக்குறைய 3000 டிகிரி. எஞ்சின் சுவர் தன்பாட்டில் அதைத் தாங்காது. அதனால் சுவருக்குள்ளேயே மெல்லிய தடங்கள் அமைத்து, எரியப் போகிற திரவ ஹைட்ரஜனை முதலில் அவற்றின் வழியாக ஓட விடுகிறார்கள். மைனஸ் 253 டிகிரிக் குளிரில் கிளம்பும் ஹைட்ரஜன், போகிற போக்கில் சுவரின் சூட்டை வாங்கிக்கொண்டு பிறகுதான் எரிவதற்குப் போகிறது. 2017 ஜூன் 5 அன்று ஜிஎஸ்எல்வி மார்க் 3 ராக்கெட்டில் முதல் தடவையாகப் பறந்த எஞ்சின் இது. மனிதர்களை ஏற்றிச் செல்லும் ககன்யான் திட்டத்துக்குத் தகுதியானதென்று 2024 பிப்ரவரியில் மகேந்திரகிரியிலேயே தேறியது.

இன்னொரு பக்கம் கூடங்குளம் அணுமின் நிலையம். அங்கே ஒவ்வோர் உலையும் 3000 மெகாவாட் வெப்பத்தைக் கிளப்பி 1000 மெகாவாட் மின்சாரம் தருகிறது. மிச்சமுள்ள 2000 மெகாவாட்டைக் கொட்ட இடம் வேண்டும் என்பதும் அது கடலோரத்தில் நிற்பதற்கு ஒரு காரணம். ராக்கெட்டுக்கு ஹைட்ரஜன் இருக்கிறது, உலைக்குக் கடல் இருக்கிறது. லேப்டாப்புக்கு வாய்த்தது அறைக் காற்று மட்டும்.

அந்தக் காற்றுவரை சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடுதான் அழகு. லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால், சப்பையான செம்புக் குழாய்கள் சில்லுகளின் மேலிருந்து ஓரத்து விசிறி வரை வளைந்து போவது தெரியும். பார்க்கக் கட்டியான செம்புப் பட்டை போல இருந்தாலும் உள்ளே வெற்றிடம். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, முனையை அடைத்திருப்பார்கள். அமுக்கக் காற்று இல்லாததால் அந்தத் தண்ணீர் கொதிக்க 100 டிகிரி தேவையில்லை. 40, 50 டிகிரியே போதும். சில்லு இருக்கும் முனையில் ஆவியாகி, விசிறி இருக்கும் முனைக்கு ஓடி, அங்கே சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீராகிறது. குழாயின் உள்சுவரில் பொடிச் செம்பைச் சுட்டு ஒட்டிய நுண்துளைப் படலம் ஒன்று உண்டு. விளக்குத் திரியில் எண்ணெயை ஏற்றுகிற அதே விசை, அந்தப் படலத்தின் வழியே தண்ணீரைப் பழைய இடத்துக்கு இழுத்து வருகிறது. பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது, சத்தமும் கிடையாது.

கணக்குப் போட்டால் மலைப்பு இன்னும் கூடும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2400 ஜூல் வேண்டும். ஒரு சொட்டு என்பது சுமார் இருபதில் ஒரு கிராம்; அதற்கு 120 ஜூல். அதாவது, குழாய்களுக்குள் விநாடிக்கு ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் இந்த முனையில் ஆவியாகி அந்த முனையில் படிந்தால் 120 வாட் இடம் பெயர்ந்துவிடும். இந்த யோசனைக்கு ஜெனரல் மோட்டார்ஸின் ரிச்சர்ட் காக்லர் 1944லேயே காப்புரிமை வாங்கிவிட்டார், கவனிக்கத்தான் ஆளில்லை. 1963இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் மனதில் இருந்தது விண்வெளிக்கு அனுப்பும் அணு உலை. இன்றைக்கு அந்தக் குழாய் நம் மாடி ரூமில் உட்கார்ந்திருக்கிறது.

சில்லுக்கும் செம்புக்கும் நடுவே ஒரு பசை தடவியிருப்பார்கள். இரண்டு பரப்பும் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் இடுக்கில் காற்று மாட்டிக்கொள்ளும். செம்பு கடத்துகிற வெப்பத்தில் காற்று கடத்துவது பதினையாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த இடுக்கை நிரப்பத்தான் பசை. விலை கூடிய மாடல்களில் பசைக்குப் பதில் காலியம் கலந்த திரவ உலோகம் வைக்கிறார்கள். தனிக் காலியம் 29.8 டிகிரியில் உருகும். நம் ஊரில் பங்குனிப் பகலில் மேசைமேல் வைத்தால் அடுப்பே வேண்டாம். யூடியூப் பார்த்துவிட்டு அதை வாங்கி வீட்டில் ஊற்றிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அலுமினியத்தை அது அரித்துவிடும். மின்சாரத்தையும் கடத்தும். மதர்போர்டில் ஒரு துளி சிந்தினால் லேப்டாப் போச்சு.

கடைசிக் கட்டம் காற்று. 150 வாட்டை வெளியேற்ற வேண்டும், உள்ளே போன காற்று 15 டிகிரி சூடேறி வெளியே வரலாம் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஏறக்குறைய ஒன்பது லிட்டர் காற்று விசிறி வழியாக ஓட வேண்டும். ஒரு மணி நேரத்தில் முப்பத்திரண்டாயிரம் லிட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அடி, பத்தடி உயரம் உள்ள ஒரு அறையின் மொத்தக் காற்றும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மணிக்கு ஒரு தரம் அறைக் காற்று முழுவதையும் லேப்டாப் இழுத்து விடுகிறது. கூடவே அறைத் தூசையும்.

தூசுக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் இறங்கும் காற்று காற்றாலைக்காரர்களுக்கு வருமானம், சன்னலைத் திறந்து வைத்தவர்களுக்குச் செம்மண். ஒரு சீசன் ஓடிய லேப்டாப்பைத் திறந்தால், விசிறிக்கும் நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கும். நகத்தால் நெம்பினால் முழுசாக உரிந்து வரும்: மண், தலைமுடி, போர்வைப் பஞ்சு. வெளியிலிருந்து ஊதினால் அது போகாது. தகட்டை இன்னும் இறுக்கமாக அடைக்கும். மூடியைத் திறந்து, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, தூரிகையால் எடுக்க வேண்டும்.

இப்போது அண்ணாச்சியின் மாடிக்கு வருவோம். லேப்டாப்போடு வரும் சிறு புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. பெரும்பாலான கம்பெனிகள் அதில் 35 டிகிரி வரைக்குமான அறையில் பயன்படுத்தச் சொல்லியிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் 38 டிகிரி அடித்தால் பேப்பரில் செய்திகூட வராது. அறைச் சூடு கூடுகிற ஒவ்வொரு டிகிரியும் ஏறத்தாழ அப்படியே சில்லின் சூட்டில் ஏறும். 25 டிகிரி ஏசி அறையில் 85 காட்டிய அதே லேப்டாப் 38 டிகிரி அறையில் 98 காட்டும். இதில் பழுது எதுவும் இல்லை, வெறும் கூட்டல்தான். கான்கிரீட் தளமோ பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சாயங்காலம்தான் உள்ளே விட ஆரம்பிக்கிறது. பையன்கள் விளையாட உட்காருவதும் அந்த நேரத்தில்தான். கூரையடியில் தேங்கிய சூட்டை ஃபேன் கீழே இறக்கித் தருகிறது. கீழ்த்தளத்து அறைக்கு இறங்கி வந்தாலே வித்தியாசம் திரையில் தெரியும்.

காற்றை மாற்ற முடியாத ஊரில், சூடு பிறக்கிற இடத்திலேயே குறைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. வோல்டேஜைப் பத்து சதவீதம் குறைத்தால் மின் செலவு பத்து சதவீதமா குறைகிறது? வோல்டேஜின் இருமடிக்குத் தக்கபடி அது மாறுவதால், அதே வேகத்திலேயே 19 சதவீதம் குறைகிறது. சில லேப்டாப்களில் இதற்கு வசதி உண்டு, சிலவற்றில் பூட்டி வைத்திருப்பார்கள். பூட்டியிருந்தால், வேகத்தைத் தற்காலிகமாகக் கூட்டும் டர்போவை அணைக்கலாம். விநாடிக்கு 144 படம் காட்டுவதை 60ஆகக் குறைக்கலாம். கண்ணுக்குப் பெரிய நஷ்டமில்லை, விசிறியின் அலறல் அடங்கும். மெத்தையில் வைத்து விளையாடுவதை விட்டாக வேண்டும். அடியிலுள்ள காற்றுத் துளைகள் அத்தனையும் மூடிக்கொள்ளும். கூலிங் பேடுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் செலவழிப்பதற்கு முன்னால், பின்பக்கத்துக்கு இரண்டு மரக்கட்டை கொடுத்துத் தூக்கி வைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

உண்மையில் கடைக்குப் போக வேண்டிய எண்கள் வேறு. எந்த விளையாட்டும் ஓடாமல் சும்மா இருக்கும்போதே 75 டிகிரி காட்டினாலோ, பிராசஸரின் ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட 20 டிகிரி கூடுதலாக நின்றாலோ, பசை சரியாகப் படியவில்லை என்று சந்தேகப்படலாம். அதற்கு வெயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. திரையை போனில் படம் பிடித்து, பில்லோடு, வாரண்டி முடிவதற்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். மூடியை நீங்களே திறக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு வாரண்டி அட்டையில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று முதலில் படித்துவிடுங்கள்.