விருந்துக்கேற்ற போத்தல் எது?

நத்தார் நெருங்கினால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நண்பர் கூடும் இல்லங்களில் ஒரு கேள்வி தவறாது எழும். “நல்ல வைன் எது? விலையும் குறைவாயிருக்க வேண்டுமே!” என்பதே அது.

இறக்குமதியாகும் வைன்மீது வரிமேல் வரி விழுகிறது. ஆதலின் பிறநாடுகளில் எளியோர் வாங்கும் போத்தலும் இங்கு செல்வர் பொருளாகிவிடுகிறது. அன்றியும், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி இருபத்தொரு வயது நிரம்பாதோர்க்கு மது விற்றல் குற்றமாகும். மாணவரும் உடனிருக்கும் விருந்தில் அப்போத்தல் சிலருக்கே உரியது.

எல்லோருக்கும் உரியதாக நாம் பரிந்துரைப்பது யாழ்ப்பாணத்துத் தோலகட்டி நெல்லிரசத்தையே. தோமஸ் அடிகளார் 1928இல் அங்கே நிறுவிய செபமாலைதாசர் ஆச்சிரமத்தின் நெல்லிரசமும் முந்திரிகை இரசமும் தமிழர் நன்கறிந்தவை. 1990இல் போர் வசாவிளான் சுற்றுவட்டார மக்களை ஊர்விட்டு அகற்றியது. கொழும்பில் குடியேறியோர் பலருக்கு அச்சுவை பிறந்த மண்ணின் நினைவு.

கணக்கும் பார்ப்போம். ஒரு பங்கு இரசத்துடன் நான்கு பங்கு நீர் கலந்தால், 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று, 200 மில்லிலீற்றர் கொள்ளும் பதினெட்டுக் குவளைகளை நிரப்பும். சிறிது எலுமிச்சஞ்சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் சுவை மிகும். சீனி கலந்ததாகையால் நீரிழிவுடையோர் அளவறிந்து பருகுவாராக.

பாட்டியும் பேரனும் ஒரே போத்தலிலிருந்து பருகும் விருந்தே நிறைவான விருந்து.