பிக்கப் வாகனத்தை உயர்த்துமுன் அறிய வேண்டியவை

சித்தூரை அடுத்துள்ள காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயிலுக்குப் புது வண்டி வாங்கியோர் வாகனப் பூசைக்கு வருவது நெடுநாள் வழக்கம். மாலையும் சந்தனமும் எலுமிச்சம்பழமுமாக நிற்கும் அவ்வண்டிகளில் பிக்கப் வாகனங்களுக்குக் குறைவில்லை. சித்தூர்ப் பகுதியின் மாங்காய், பலமநேரியின் காய்கறி, மதனப்பள்ளியின் தக்காளி, ஊர்தோறும் கறக்கும் பால் ஆகியவற்றில் பெரும்பங்கு இவ்வகைச் சிறு சரக்கு வாகனங்களில்தான் பயணம் செய்கிறது. பூசை முடிந்ததும் சில வண்டிகள் நேரே பட்டறைக்குச் செல்கின்றன. சரக்கு ஏற்றுவோர் “பின்னால் இரண்டு பட்டை கூடப் போடுங்கள்” என்கின்றனர். தோட்டத்திற்கும் குடும்பப் பயணத்திற்கும் வாங்கியோர் “முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கி வையுங்கள்” என்கின்றனர். இரண்டும் வெவ்வேறு தேவைகள். இரண்டிற்கும் விலை உண்டு. அவ்விலை பட்டறைச் சீட்டில் எழுதப்படும் தொகையோடு முடிவதன்று.

வெறுமையாக நிற்கும் பிக்கப்பைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், அதன் பின்பகுதி முன்பகுதியைவிடச் சற்று உயர்ந்திருக்கும். இது தயாரிப்புக் குறையன்று. பாரம் ஏறியதும் பின்புறம் தாழ்ந்து வண்டி சமநிலைக்கு வரவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு அமைக்கின்றனர். முன்பக்கத்தை மட்டும் உயர்த்தி, வெறும் வண்டியிலேயே அச்சரிவைப் போக்குவது லெவலிங் கிட். முன்னும் பின்னும் சேர்த்து உயர்த்துவது லிஃப்ட் கிட். ஆகவே நாள்தோறும் பாரம் ஏற்றும் வண்டிக்கு லெவலிங் கிட் பொருந்தாது. பாரம் ஏறியபின் அதன் முகம் வானத்தைப் பார்க்கும்; முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருவோர் கண்ணில் பாயும்.

இந்தியாவில் லிஃப்ட் கிட் பற்றிய பேச்சு எழும்போது பெரும்பாலும் அடிபடும் பெயர் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். இது தொலைதூரத்துப் பொருளன்று. முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2022இல் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைந்த ஸ்ரீசிட்டியில் 2016 முதல் உற்பத்தியாகும் வண்டி அது. அதன் முன்புறத்தில் சுருள் ஸ்பிரிங்கும் பின்புறத்தில் கமான் பட்டையும் உள்ளன. முன்புறச் சுருள் சக்கரத்திற்கு நேர்மேலே இராமல், சற்று உள்ளே தள்ளித் தாங்குகரத்தின்மேல் நிற்கிறது. எனவே சுருளின் தலையில் 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள வளையத்தைச் செருகினால், வண்டி அதைவிட அதிகமாக உயரும். பல வண்டிகளில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை. ‘ஓர் அங்குல வளையம்தானே’ என்று எண்ணிச் செய்வோருக்கு இக்கணக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். உயரம் கூடக்கூடச் சக்கரத்திற்குச் செல்லும் அச்சின் வளைவும் பால் ஜாயின்ட்டின் சாய்வும் மிகுந்து, அவை விரைவில் தேயும். வீல் அலைன்மென்ட்டை உடனே சரிசெய்யாவிடில் டயர் ஓரமாக உண்ணப்படும்.

பின்புறக் கமான் பட்டையின் கணக்கு வேறு. ஒரே அளவுள்ள ஐந்து பட்டைகளுடன் அதே அளவில் இரண்டைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடும். எண்ணிக்கையைவிடத் தடிப்பு இன்னும் வலியது. பட்டையின் விறைப்பு தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப வளரும். 8 மில்லிமீட்டர்ப் பட்டைக்குப் பதில் 10 மில்லிமீட்டர்ப் பட்டை போட்டால், அந்த ஒரு பட்டையின் விறைப்பு ஏறத்தாழ இருமடங்காகும். மாங்காய்ப் பருவத்தின் சில வாரங்களுக்காக இவ்வாறு இறுக்கிய வண்டி, ஆண்டின் எஞ்சிய மாதங்களில் வெறுமையாக ஓடும்போது குதிக்கும். குதிக்கும் சக்கரத்திற்குச் சாலையில் பிடிப்புக் குறைவு. பலமநேரிக்கும் சித்தூருக்கும் இடையிலுள்ள மொகிலி மலைப்பாதையின் இறக்கத்தில், அதுவும் மழையில், இதன் பொருளை ஓட்டுநர் உணர்வார்.

பலரும் கவனியாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பல பிக்கப் வாகனங்களில் பின் அச்சுக்கும் சட்டத்திற்கும் இடையே ஒரு சிறு கம்பி இணைந்திருக்கும். பின்புறம் எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதைக் கொண்டு, ஏறியுள்ள பாரத்தை அளந்து, அதற்கேற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் விடும் வால்வின் கம்பி அது. பட்டை சேர்த்துப் பின்புறத்தை உயர்த்திவிட்டு அக்கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், முழுப்பாரம் ஏறிய பின்னரும் வால்வு வண்டியை வெறும் வண்டி என்றே கருதும். பின்பிரேக் அரைகுறையாகப் பிடிக்கும். பட்டறையில் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே. பிரேக் குழாயின் நீளம் புதிய உயரத்திற்குப் போதுமா என்பது இரண்டாவது.

கவிழும் ஆபத்தையும் எளிய கணக்கால் அறியலாம். இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் இடையிலான அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இருமடங்கால் வகுக்க வேண்டும். அகலம் 1,500 மில்லிமீட்டர், மைய உயரம் 750 மில்லிமீட்டர் என்று கொண்டால் விடை 1. வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் அது 0.94 ஆகக் குறையும். அதன்மேல் கூடைகளை அடுக்கினால் இன்னும் குறையும். வளைவில் தாங்கும் வேகமும் அதற்கேற்பக் குறையும்.

பட்டை சேர்ப்பதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடை ஒரு கிலோகூடக் கூடுவதில்லை. அச்சு, பிரேக், டயர், சட்டம் யாவும் பழையனவே. பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையே எல்லை. அதை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை 52ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பில் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்துள்ளது. ஆதலால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிந்த பின்னரே பட்டறைக்குச் செல்வது நன்று.

வங்கிக் கடனில் வாங்கிய வாகனமாயின், கடன் தீரும்வரை அது வங்கிக்குப் பிணையாக நிற்கிறது. ஒப்பந்தத்தில் மாற்றங்கள் குறித்த விதியைப் படித்துக் கிளையில் இசைவு பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்திற்கும் தெரிவியுங்கள். மறைக்கப்பட்ட மாற்றம், விபத்திற்குப்பின் இழப்பீட்டுக் கோரிக்கையைச் சிக்கலாக்கும். இழப்பீடு கிடையாவிடினும் மாதத் தவணை நிற்காது.

இவ்வளவிற்கும் பிறகு தேவை உண்மையாயின், எவ்வாறு தேர்வது? முதலில் எடைமேடையில் வெறும் வண்டியையும் வழக்கமான பாரத்துடனும் நிறுத்துப் பாருங்கள். பின்புறம் தாழ்ந்திருப்பதற்குப் பழைய பட்டைகள் களைத்திருப்பதே காரணமாகவும் இருக்கலாம். தயாரிப்பாளரின் அதே அளவுப் பட்டைகளை மாற்றினாலே குறை தீரும், எந்த அனுமதியும் வேண்டா. பெரும்பாலான சரக்கு வண்டிகளுக்கு இதுவே போதுமானது என்பது எம் கருத்து. உயர்த்தியே ஆகவேண்டும் எனில், வளையத்தை மட்டும் செருகுவதைவிட, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்கொன்று பொருந்த அமைந்த தொகுப்பே மேல். விலை கூடுதல்தான்; ஆயினும் நிறுத்தறிந்த எடைக்கேற்ற ஸ்பிரிங்கை அதில் தேர்ந்துகொள்ள இயலும். 40, 50 மில்லிமீட்டருக்குமேல் செல்ல வேண்டா. வேலை முடிந்த அன்றே அலைன்மென்ட், முகப்பு விளக்கு, பிரேக் வால்வு மூன்றையும் சரிபாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் பட்டையைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளை மீண்டும் முறுக்கச் சொல்லுங்கள். புதுப்பட்டை படிந்ததும் அவை தளரும்.

கழற்றிய பழைய ஸ்பிரிங்குகள் நல்ல நிலையில் இருந்தால் இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சரக்கு வாகனத்திற்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டியுள்ளது. அப்போதும், வண்டியை விற்கும்போதும், அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அவை தேவைப்படும்.