குளிர்காலக் கயாக்: விரல் மரத்துப்போகாம இருக்க என்ன செய்யணும்?

கனடாவுல டொராண்டோவை ஒட்டி இருக்குற ஒன்டாரியோ ஏரி, ஆழமான இடத்துல 244 மீட்டர். இவ்வளவு ஆழம் இருக்குறதால ஜனவரியிலகூட அது முழுசா உறையுறது அபூர்வம். அதனால குளிர்காலத்துலயும் அங்க கயாக் ஓட்டுறவங்க இருக்காங்க. ஆனா தண்ணி, உறைநிலைக்குச் சில டிகிரிதான் மேல இருக்கும்.

அந்தக் குளிர்ல சீக்கிரமே மரத்துப்போறது விரல்தான். படகு கவிழ்ந்தா, இடுப்பைச் சுத்தி மூடியிருக்குற ஸ்ப்ரே ஸ்கர்ட்டோட பட்டையைப் பிடிச்சு இழுக்கணும். படகை விடாம பிடிச்சுக்கணும். ரேடியோ பட்டனை அழுத்தணும். எல்லாமே விரல் செய்யுற வேலை. விரல் மடங்கலைன்னா இதுல ஒண்ணும் நடக்காது.

சரி, விரல் ஏன் மரத்துப்போகுது? நெஞ்சும் வயிறும் குளிர ஆரம்பிச்சதும், அங்க இருக்குற சூட்டைக் காப்பாத்த, கைகால்ல இருக்குற ரத்தக்குழாய்களை உடம்பு சுருக்கிடும். விரலுக்கு வர்ற சூடான ரத்தம் குறைஞ்சிடும். கையுறை தானா சூடு உண்டாக்காது. ரத்தம் கொண்டுவர்ற சூட்டைத்தான் அது காக்கும்.

அதனால கையுறை வாங்குறதுக்கு முன்னாடி உடம்பைக் கவனிங்க. தண்ணி உள்ள புகாத டிரை சூட், உள்ள கம்பளி இல்லன்னா ஃப்ளீஸ், தலைக்குத் தொப்பி. பருத்தி வேண்டாம், நனைஞ்சா சூடு தாங்காது. டிரை சூட்டோட மணிக்கட்டு ரப்பர் ரொம்ப இறுக்கமா இருக்கான்னும் பாருங்க. அது ரத்த ஓட்டத்தைத் தடுத்தா எந்தக் கையுறையும் உதவாது.

இப்ப கைக்கு வருவோம். நியோப்ரீன் கையுறை நனைஞ்சாலும் சூட்டைத் தாங்கும். விரல் எல்லாம் ஒண்ணா இருக்குற மிட்டன் இன்னும் கதகதப்பா இருக்கும், ஆனா நுணுக்கமான வேலைக்குக் கஷ்டம். மூணாவது, போகி. இது துடுப்புத் தண்டுலயே மாட்டுற உறை. அதுக்குள்ள கையை விட்டு, வெறுங்கையாலயே தண்டைப் பிடிக்கலாம். காத்தும் தெறிக்குற தண்ணியும் கையில படாது. ஆனா கவிழ்ந்ததும் கையை வெளிய எடுத்துடுவீங்க, அப்ப அது வெறுங்கை. அதனால போகி போடுறவங்க லைஃப் ஜாக்கெட் பாக்கெட்டுல ஒரு ஜோடி கையுறையும் வெச்சிருக்கணும்.

சில பழக்கங்களும் உதவும். கை குளிர்ந்த பிறகு சூடாக்குறது கஷ்டம், அதனால கரையிலேயே சூடாக்கிட்டுக் கிளம்புங்க. ஃபிளாஸ்க்ல இருந்து இளஞ்சூடான தண்ணியை நியோப்ரீன் கையுறைக்குள்ள கொஞ்சம் ஊத்திக்கலாம். துடுப்பை இறுக்கிப் பிடிக்காதீங்க, பிடி தளர்ந்தா ரத்தம் ஓடும். அலுமினியத் தண்டு கைச்சூட்டை இழுத்துடும், கார்பன் தண்டு பரவாயில்ல. விரல் மரத்தா, கையை வட்டமா வேகமா சுழற்றுங்க. ரத்தம் விரல் நுனிக்கு வரும். மது வேண்டாம், அது ரத்தக்குழாயை விரிச்சு உடம்புச் சூட்டை வெளியேத்திடும்.

மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பின கணக்கு ஒண்ணு இருக்கு: 1-10-1. உறைய வைக்குற தண்ணியில விழுந்தா, மூச்சு சீராக 1 நிமிஷம். கைகால் சொன்னபடி கேட்குறது சுமார் 10 நிமிஷம். நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். உங்களை நீங்களே காப்பாத்திக்க முடியுறது அந்த 10 நிமிஷத்துலதான்.

அதனால ஏரிக்குள்ள போறதுக்கு முன்னாடி, கரையோரம் ஆழமில்லாத இடத்துல, ஒருத்தர் பக்கத்துல நிக்க, உங்க கையுறையோடயே ஸ்ப்ரே ஸ்கர்ட்டை இழுத்துக் கழட்டிப் பாருங்க. ரேடியோ பட்டனையும் அழுத்திப் பாருங்க. ரெண்டும் தடுமாறாம வந்தா அந்தக் கையுறை உங்களுக்குச் சரி. வரலைன்னா அன்னைக்குக் கரையிலேயே இருந்துட்டு, வேற கையுறை பாருங்க.