கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் உடல் வலு குறையுமா?

கருத்தடை மாத்திரைகளில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்னும் இரண்டு ஹார்மோன்களின் சேர்க்கை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் உண்டு. முதல் 21-இல்தான் ஹார்மோன். வேறு நிறத்தில் இருக்கும் கடைசி 7 இரும்புச்சத்து. ஹார்மோன் மாத்திரை கருமுட்டை வெளிவராமல் தடுக்கிறது. மாதந்தோறும் ஏறி இறங்கும் இயற்கை ஹார்மோன்களும் அதனால் அடங்கிவிடுகின்றன.

இதனால் வலு குறையுமோ என்ற பயம் பரவலாக உண்டு. 2020-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று 42 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மாத்திரை எடுப்பவர்களின் உடற்திறன் சற்றுக் குறையக்கூடும், ஆனால் வித்தியாசம் மிகச் சொற்பம் என்பது அதன் முடிவு. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் பந்தயத்துக்குத் தயாராகும் வீராங்கனை வேண்டுமானால் அதைக் கணக்கில் எடுக்கலாம். தச்சநல்லூரில் காலை நடை போகிறவருக்கு அது பொருட்டே அல்ல.

உடல் வலுவுக்கு இங்கே பெரிய எதிரி ரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. ரத்தம் குறைந்த உடம்புக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். மாத்திரையோ மாதவிலக்கின் ரத்தப்போக்கையும் வலியையும் குறைக்கிறது. மடியில் சுளவை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றும் நெல்லைப் பெண்களுக்கு நடையும் அசைவும் கட்டாயம் தேவை. பெரும்போக்கால் சுருண்டு கிடக்கும் நாட்கள் குறைந்தால் அதற்குத் தெம்பு வரும். இந்த நன்மையை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா என்னும் கருத்தடை ஊசியின் கதை வேறு. அதில் புரோஜெஸ்டின் மட்டுமே உண்டு. சிலருக்கு எடை கூடும்; எலும்பின் அடர்த்தியும் குறையும். ஊசியை நிறுத்தினால் எலும்பு பெரும்பாலும் தேறிவிடும். போடும் காலத்தில் வேக நடை, படியேறுதல், கேழ்வரகு, பால் ஆகியவை நல்லது. சாயா என்னும் இன்னொரு கருத்தடை மாத்திரையில் இந்த ஹார்மோன்கள் இல்லை.

ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையால் அரிதாகக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சுத் திணறினாலோ, பயிற்சி செய்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.