சேஷாசலம்: குற்றத்தை வரையறுப்பது சட்டமா, துப்பாக்கியா?

புதுதில்லி: ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் வனப்பகுதியில் 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களைச் சேர்ந்த இவர்கள் செம்மரம் வெட்ட வந்து தாக்கியதால், தற்காப்புக்காகச் சுட்டதாக அதிரடிப் படை கூறியது. பேருந்திலிருந்து இறக்கிப் பிடித்துச் செல்லப்பட்டதாக உயிர் தப்பியவர்கள் கூறினர்.

எது உண்மை என்பது விசாரணைக்கு உரியது. அந்த விசாரணை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதில் சட்டம் தெளிவாகவே உள்ளது.

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், பொதுவாகச் செயல், அதன் பின்னுள்ள எண்ணம் ஆகிய இரண்டையும் கொண்டே குற்றங்களை வரையறுத்தது. பிறர் வசமுள்ள பொருளை அவர் இசைவின்றி, நேர்மையற்ற எண்ணத்துடன் நகர்த்துவது திருட்டு. அதற்கு உச்சபட்சத் தண்டனை 3 ஆண்டுச் சிறை. உயிரைப் பறிக்கும் எண்ணத்துடன் மரணம் விளைவிப்பது கொலை. அதற்கு மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை.

இவற்றுக்கு விதிவிலக்காக 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையை வழங்கின. ஆனால், அதற்கும் எல்லை உண்டு. தேவைக்கு மிஞ்சிய தீங்கை 99-ஆவது பிரிவு அனுமதிக்கவில்லை. வெறும் திருட்டைத் தடுக்க உயிரைப் பறிக்க இயலாது. உயிரிழப்போ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தாக வேண்டும். தற்காப்பு என்று வாதிடுபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது சாட்சியச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு. ஆக, தற்காப்பு என்பது நீதிமன்றத்தில் அளிக்க வேண்டிய பதில். காவல் நிலையத்திலேயே வழங்கப்படும் தீர்ப்பு அல்ல.

மோதல் சாவுகளில் முதல் தகவல் அறிக்கை, சுதந்திரமான புலன்விசாரணை, நடுவர் விசாரணை ஆகியவை கட்டாயம் என்று 2014 செப்டம்பர் 23-ஆம் தேதியே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. எனினும், சேஷாசலத்தில் முதலில் தொழிலாளர்கள் மீதே வழக்கு பதிவானது. கணவரை இழந்த பெண் ஒருவரின் புகாரும் உயர் நீதிமன்றத்தின் தலையீடும் வந்த பின்னரே, அதிரடிப் படையினர் மீது சந்திரகிரி காவல் நிலையத்தில் கொலை வழக்கு பதிவு செய்யப்பட்டது.

அதே வனத்தில் 2013 டிசம்பரில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்டதும் கொடிய குற்றமே. அவ்வழக்கில் 280-க்கும் மேற்பட்ட தமிழகத் தொழிலாளர்கள் சிக்கினர். பலர் ஈராண்டுகளுக்கு மேல் சிறையில் வாடினர். 2016 மார்ச்சில் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. உயிரோடு பிடிபட்டவர்கள் காலம் கடந்தேனும் தங்கள் தரப்பைக் கூற முடிந்தது. சுடப்பட்ட 20 பேருக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. தற்காப்புரிமை இப்போது அதன் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இடம்பெறுகிறது. 2022-இல் மாவட்டப் பிரிவினைக்குப் பின் சந்திரகிரியும் திருப்பதி மாவட்டத்துக்குச் சென்றுவிட்டது. பிரிவு எண்களும் மாவட்ட எல்லைகளும் மாறினாலும் வரையறை மாறவில்லை. அதை முதலில் மதிக்க வேண்டியவர்கள் சட்டத்தின் பெயரால் துப்பாக்கி ஏந்துபவர்களே.